கேட்டும் காவலாளியும் இல்லாத தெருவில் வீடு: குடிபோகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல வருடம் காவலாளி உள்ள அடுக்குமாடி வளாகத்தில் இருந்துவிட்டுத் தனி வீட்டுக்கு மாறினோம். வசதியான பகுதி. அகலமான தெரு, இருபுறமும் மரங்கள், பெரிய பெரிய வீடுகள். ஆனால் தெருமுனையில் கேட் கிடையாது. உள்ளே வருகிறவர் யார், எந்த வீட்டுக்கு என்று கேட்க ஆளும் கிடையாது. முதல் வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை. பயத்தில் ஆறு கேமரா வாங்கி மாட்டினேன். மூன்றாவது மாதம், காலை பதினொரு மணி வாக்கில், பக்கவாட்டுக் கதவை நெம்பிக்கொண்டு ஒருவர் உள்ளே போய்ச் சாவகாசமாக வெளியே வந்துவிட்டார். கேமராவில் பதிவானது ஒரு தொப்பியின் மேல்பாகம் மட்டுமே. காப்பீட்டுப் பணம் வந்துசேர ஏழு மாதம் ஆயிற்று; அதுவும் பாதிதான்.

நான் செய்த எதுவும் தவறில்லை, வரிசைதான் தலைகீழ். கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கினேன். முதலில் செய்ய வேண்டியதைச் செய்யவே இல்லை. இன்றைக்கு மறுபடி குடிபோனால் எந்த வரிசையில் செய்வேனோ, அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முன்பணம் கொடுக்கும் முன் தெருவை நான்கு வேளை பாருங்கள்

வீடு பார்க்க எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மாலை போகிறோம். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். வேலைநாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். இருட்டியதும் ஒரு முறை, இரவு பதினொரு மணிக்கு ஒரு முறை, விடுமுறை நாள் மதியம் ஒரு முறை. இதில் முதலாவதுதான் முக்கியம். வீடு புகுந்து திருடுகிறவர்களில் பெரும்பாலோர் தேடுவது ஆள் இல்லாத வீட்டை. வீட்டில் இருக்கும் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் தெரு, இரவைவிடப் பகலில்தான் காலியாக இருக்கும்.

நின்று கவனிக்க வேண்டியவை: எரியாத தெருவிளக்குகள் எத்தனை, வீட்டுக்குப் பின்னால் சந்து அல்லது காலிமனை இருக்கிறதா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா. கட்டட வேலை நடந்தால் அங்கே ஏணி இருக்கும், வந்துபோகும் முகங்களும் தினம் மாறும். அப்புறம் மதில். ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிய மதிலைப் பார்த்ததும் நமக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் அதைத் தாண்டி உள்ளே குதித்தவரை இனித் தெருவில் யாரும் பார்க்க முடியாது. நாங்கள் வாங்கிய வீட்டின் மதில் அப்படிப்பட்டதுதான்.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது "இந்த ஏரியா பாதுகாப்பானதா?" என்று கேட்காதீர்கள். சொந்த வீட்டின் மதிப்பு குறையும்படி யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "கடைசியாக இங்கே திருட்டு நடந்தது எப்போது? எந்த வழியாக உள்ளே போனார்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் தங்கமானது.

காவல்துறை குற்றப் புள்ளிவிவரம் வெளியிடும் ஊராக இருந்தால், மொத்த எண்ணிக்கையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கடைவீதி உள்ள பகுதியில் பிக்பாக்கெட்டும் கடைத் திருட்டும் சேர்ந்து எண்ணிக்கையை ஏற்றிவிடும். உங்களுக்கு வேண்டியது வீடு புகும் திருட்டு, வாகனத் திருட்டு, வழிப்பறி என்ற மூன்று வரிகள்தான்.

2. சாவி கைக்கு வந்த அன்றே பூட்டின் சிலிண்டரை மாற்றுங்கள்

முந்தைய உரிமையாளர், அவருடைய உறவினர், வேலை பார்த்தவர், தரகர், பெயின்டர் என்று அந்தச் சாவிக்கு எத்தனை நகல் இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. முழுப் பூட்டையும் மாற்றத் தேவையில்லை. பல பூட்டுகளில், சிலிண்டர் என்று சொல்லும் சாவி நுழையும் பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம். ஒரு கதவுக்கு அரை மணி நேரம் போதும். "பூட்டே போய்விட்டது சார், மொத்தமாக மாற்ற வேண்டும்" என்று பூட்டுக்காரர் சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள். புது சிலிண்டர் கதவின் வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் பிடித்து உடைப்பது சுலபம். வாங்கும் முன், சிலிண்டரைப் பிடித்திருக்கும் நடுத் திருகாணியிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள்.

சாவி மட்டும் சாவி அல்ல. கார் ஷெட் ரிமோட்டின் நினைவகத்தை அழித்துப் புதிதாகப் பதியுங்கள். ஸ்மார்ட் பூட்டோ பழைய கேமராவோ இருந்தால், முந்தையவரின் கணக்கை நீக்கி, கருவியைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புங்கள் (ஃபேக்டரி ரீசெட்). எங்கள் வீட்டு வாசல் மணி கேமரா இரண்டு மாதம் முந்தைய உரிமையாளரின் போனுக்குத்தான் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. பாவம், அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

3. பணத்தைக் கதவிலும் ஜன்னலிலும் போடுங்கள்

எல்லோரும் தலைவாசலுக்கு விலையுயர்ந்த மரக்கதவு போட்டுவிட்டு, பக்கவாட்டுக் கதவையும் மொட்டைமாடிக் கதவையும் மறந்துவிடுகிறோம். வருகிறவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, எது லேசானதோ அதில்தான் கை வைப்பார்.

பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும், அதன் நாக்கு போய் நுழையும் தகட்டைக் கதவு நிலையில் குட்டைத் திருகாணியால் மாட்டியிருந்தால் ஓர் உதையிலோ நெம்பலிலோ பெயர்ந்துவிடும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். பூட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தகடு மட்டும் மரத்தோடு பிய்ந்து கிடந்தது. தகட்டைக் கனமானதாக மாற்றி, நிலையைத் தாண்டிச் சுவர் வரை போகும்படி 75 மில்லிமீட்டர் திருகாணி போடச் சொல்லுங்கள். கீல்களுக்கும் அப்படியே. இந்த ஒரு வேலைக்கு ஆன செலவு, நான் கேமராவுக்குக் கொடுத்ததில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு தச்சர், அரை நாள்.

புதுக் கதவே வாங்குவதாக இருந்தால், "ரொம்ப ஸ்ட்ராங்" என்ற வார்த்தையை நம்பாமல் தரச்சான்று கேளுங்கள். ஐரோப்பியத் தரமான இ.என். 1627இல் ஆர்.சி. 2 என்ற வகுப்புக் கதவு, ஸ்க்ரூடிரைவர், ஆப்பு போன்ற சாதாரணக் கருவிகளை 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்.சி. 3 என்றால் கடப்பாரையையும் சேர்த்து 5 நிமிடம். கேட்கும்போது சிரிப்பு வரலாம், வெறும் மூன்று நிமிடமா என்று. தெருவிலிருந்து பார்வை படுகிற இடத்தில் நின்றுகொண்டு மூன்று நிமிடம் கதவோடு மல்லுக்கட்டுவது திருடுகிறவருக்கு மிக நீண்ட நேரம். ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை திருகாணி வேலையை ஒத்திப்போடாதீர்கள்.

நகரும் கண்ணாடிக் கதவுக்கு, அது ஓடும் பள்ளத்தில் அளவாக வெட்டிய கழியைப் போடுங்கள். கதவைத் தூக்கிக் கழற்ற முடியாதபடி மேலே தடுப்பும் வேண்டும். கண்ணாடியில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டெம்பர்டு கண்ணாடி கையை ஆழமாகக் கிழிக்காது, ஆனால் உடைந்தால் பொலபொலவென்று மொத்தமும் கொட்டி வழிவிட்டுவிடும். லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் இடத்திலேயே நிற்கும். திருட்டுக்கு எதிராக உதவுவது இரண்டாவதுதான்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: ஜன்னலுக்கெல்லாம் கம்பி போடும்போது, ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு கம்பியாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். சாவி போட்டுத்தான் உள்ளிருந்து வெளியே வர முடியும் என்ற பூட்டும் ஆபத்து. நடுராத்திரி தீப்பிடித்தால் புகைக்குள் யாரும் சாவி தேட முடியாது.

4. வெளிச்சமும் செடியும்

ஜன்னலோரச் செடிகள் 60 சென்டிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது, மரக்கிளைகள் 2 மீட்டருக்குக் கீழே தொங்கக் கூடாது. இடைப்பட்ட உயரம் பார்வைக்குத் திறந்திருந்தால் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. வெளி விளக்கைத் தரையைப் பார்த்து மாட்டுங்கள். கண் கூசும் ஃபிளட்லைட் போட்டால் அதன் ஓரத்து நிழல் இன்னும் கறுப்பாகிவிடும். எதிர்வீட்டுக்காரரும் உங்கள் வீட்டுப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிடுவார். அசைவு தெரிந்தால் எரியும் விளக்கு, பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் போதும்.

5. ஆறு வீடுகளைப் பழக்கம் பிடியுங்கள்

தெரு முழுவதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இரண்டு பக்கம், எதிரே மூன்று, பின்பக்கம் ஒன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் கர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980களில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீடுகள் வரை அதன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டன. பூட்டைப் பலப்படுத்துவது போன்ற மற்ற ஏற்பாடுகளும் சேர்ந்து, மூன்று ஆண்டுகளில் வீடு புகும் திருட்டு முக்கால் பங்கு குறைந்தது. அது பணக்காரப் பகுதி அல்ல. வசதியான தெருக்களில் ஒரு சிரமம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கார் உள்ளே போகும், கதவு மூடும்.

குடிபோன பத்து நாளுக்குள் நேரில் போய் மணி அடியுங்கள். போன் எண் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் எண்ணையும் கொடுங்கள். இரண்டே உதவி கேளுங்கள்: நாங்கள் ஊரில் இல்லாதபோது வாசலில் சேரும் பார்சலை எடுத்துவையுங்கள், வீட்டுக்குள் சத்தம் கேட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். அதையே அவர்களுக்கும் செய்வதாகச் சொல்லுங்கள்.

தெருவுக்கு வாட்ஸ்அப் குழு இருந்தால் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் இரவில் சத்தத்தை அணைத்துவிடுங்கள். எங்கோ நடந்த சம்பவத்தின் வீடியோவை நள்ளிரவில் யாராவது அனுப்புவார்கள். அது உங்கள் தெருவில் நடந்ததாகவே மனசில் பதியும். நானும் அந்தக் குழுவில் ஒரு கெட்ட காரியம் செய்தேன். மதிலோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் படம் எடுத்து, "சந்தேகமான ஆள்" என்று போட்டேன். பத்து நிமிடத்தில் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். அவர் மீட்டர் அளவு எடுக்க வந்தவர். அடுத்த மாதம் அவர் வந்தபோது என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. உடையையும் நிறத்தையும் வைத்து யாரையும் எழுதாதீர்கள். என்ன செய்தார், எப்போது, எங்கே என்பதை மட்டும் எழுதுங்கள். "கார்க் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், 3.10 மணி" என்பது தகவல். "இந்தப் பகுதிக்குப் பொருந்தாத ஆள்" என்பது தகவல் அல்ல. தவிர, எங்கள் வீட்டுக்கு வந்தவர் இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் லேப்டாப் பையுமாக இருந்தார் என்று பின்னால் எதிர்வீட்டு அம்மா சொன்னார்.

6. கேமராவும் அலாரமும் இப்போது

கேமரா திருட்டைத் தடுப்பது குறைவு, நடந்ததைச் சொல்வதுதான் அதிகம். சொல்லவாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? முகத்தை அடையாளம் காண, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது துறையில் சொல்லும் கணக்கு. இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். அதாவது ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் காட்டினால் முகம் தேறாது. தெரு முழுக்கத் தெரிகிறது என்று நான் பெருமைப்பட்ட கேமராவில் ஒரு முகமும் தேறாததற்கு அதுதான் காரணம். உயரே மாட்டினால் தொப்பிதான் தெரியும். ஒரு கேமராவாவது வாசலில் முக உயரத்தில் இருக்கட்டும். ஆறு தேவையில்லை, சரியான இடத்தில் மூன்று போதும்.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் பாருங்கள். ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் ஓடும் நான்கு கேமரா, நாளுக்கு 86 ஜிபி பிடிக்கும். 1 டிபி வட்டில் பதினோரு நாள்தான் நிற்கும். இரண்டு வாரம் வெளியூர் போய்த் திரும்பினால் முதல் நாட்கள் அழிந்திருக்கும். பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதையும் தூக்கிக்கொண்டு போவார்கள். யூபிஎஸ் கொடுங்கள். மாதம் ஒரு முறை அதன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். எங்களுடையது நாற்பது நிமிடம் பின்தங்கி இருந்தது, விசாரணையில் அது ஒரு தலைவலி. கூடவே வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற நிரல், கடவுச்சொல் மாற்றாத கேமரா போன்ற கருவிகளை லட்சக்கணக்கில் பிடித்து, இணையத் தாக்குதலுக்கு ஓட்டியது.

சட்டமும் பார்க்க வேண்டும். உங்கள் கேமரா பொதுத் தெருவையோ அடுத்த வீட்டு ஜன்னலையோ பிடித்தால் பல நாடுகளில் விதிகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல், தெருவையும் படம்பிடிக்கும் வீட்டுக் கேமரா தனிப்பட்ட வீட்டு உபயோகம் என்ற விலக்குக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. அடுத்த வீட்டுப் பகுதியைக் கேமராவின் அமைப்பிலேயே கறுப்பாக மறைக்கலாம். அலாரத்துக்கும் சில நகரங்களில் முன்அனுமதி வேண்டும். பொய்யாக அலறினால் அபராதமும் உண்டு. மாட்டுகிறவர் இதைச் சொல்ல மாட்டார், உள்ளாட்சி அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள்.

7. தனியார் ரோந்துக்குப் பணம் கட்டும் முன்

எல்லோரும் சேர்ந்து ரோந்து வண்டி வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1972-73இல், சில பகுதிகளில் காவல் ரோந்தைப் பெருக்கியும் சில பகுதிகளில் அடியோடு நிறுத்தியும் பார்த்தார்கள். குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. சும்மா சுற்றும் வண்டியால் பெரிய பயன் இல்லை. அழைத்தால் எத்தனை நிமிடத்தில் வருவார்கள் என்பதற்குத்தான் பணம். ஒப்பந்தத்தில் அந்த நிமிடம், ஊழியர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, நிறுவனத்தின் உரிமம், வண்டி எங்கெல்லாம் போனது என்ற பதிவு, வெளியேறும் விதி ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும். முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் போடுங்கள். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், வேண்டாம்.

8. காகிதங்கள்: ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்

எனக்குப் பணம் போனது திருடனால் பாதி, இந்த மதியத்தை ஒதுக்காததால் பாதி. மூன்று மணி நேர வேலைதான்.

அறை அறையாக நடந்து ஒவ்வொரு அலமாரியையும் திறந்து வீடியோ எடுங்கள். மின்சாதனங்களின் வரிசை எண்ணைப் படம் எடுங்கள். போனில் *#06# அழுத்தினால் அந்தப் போனுக்கே உரிய ஐஎம்இஐ எண் வரும், குறித்துக்கொள்ளுங்கள். நகைகளை ஓர் அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுங்கள். மதிப்பீட்டுச் சான்று வாங்கி, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். பில் கிடைக்காத பொருளுக்கு வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த வரியையாவது தேடி எடுங்கள். எல்லாவற்றையும் வீட்டுக்கு வெளியே, இணையச் சேமிப்பிலோ நம்பகமான உறவினரிடமோ வையுங்கள். நான் பில்களை வைத்திருந்தது லேப்டாப்பில். லேப்டாப்பும் போயிற்று.

பிறகு வீட்டுப் பொருட்களுக்கான காப்பீட்டை எடுத்து, பொடி எழுத்தில் நான்கு இடங்களைப் படியுங்கள்.

ஒன்று, ஆள் இல்லாத நாட்கள். வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ பூட்டிக் கிடந்தால் திருட்டுக்கு இழப்பீடு இல்லை என்று பல பாலிசிகள் சொல்கின்றன. நீண்ட பயணத்துக்கு முன் எழுத்தில் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும்.

இரண்டு, உடைத்து நுழைந்த அடையாளம். திறந்திருந்த கதவு வழியாக வந்தால் கிடையாது என்ற விதி இருக்கலாம்.

மூன்று, நகைக்கும் தனிப் பொருளுக்கும் உள்ள உச்சவரம்பு. விலை கூடியவற்றைப் பெயர் குறிப்பிட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

நான்காவதுதான் என்னைக் கவிழ்த்தது: குறைவாகக் காப்பீடு செய்தால் விகிதப்படி வெட்டுவார்கள். நூறு மதிப்புள்ள பொருளை அறுபதுக்கு மட்டும் காப்பீடு செய்து, இருபது திருடு போனால், கிடைப்பது இருபது அல்ல, பன்னிரண்டு. அறுபதுக்குள்தானே போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் ஏழு மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

9. நடந்துவிட்டால்: முதல் 48 மணி நேரம்

கதவு திறந்து கிடந்தால் உள்ளே போகாதீர்கள். ஆள் இன்னும் உள்ளே இருக்கலாம். வெளியே நின்று காவல்துறையைக் கூப்பிடுங்கள். அவர்கள் வந்து பார்க்கும் வரை எதையும் ஒதுக்கி அடுக்க வேண்டாம். என் மனைவி அழுதுகொண்டே அலமாரியைத் துடைத்துவிட்டாள்; கைரேகை எடுக்க வந்தவர் பெருமூச்சு விட்டார்.

வங்கி அட்டைகளையும் சிம்மையும் முடக்குங்கள். கடவுச்சீட்டு போயிருந்தால் தனியாகத் தெரிவிக்க வேண்டும். புகாரின் நகலும் புகார் எண்ணும் வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். பட்டியல் முழுமையாக இல்லையென்றால், "மேலும் பொருட்கள் தெரியவந்தால் சேர்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால், பின்னால் சேர்க்கும் பொருளைக் காப்பீட்டு நிறுவனம் சந்தேகமாகப் பார்க்கும். காப்பீட்டுக்குத் தெரிவிக்கும் கெடு பாலிசியில் இருக்கும். கெடு எதுவானாலும் அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள், போனில் மட்டும் சொன்னால் பின்னால் நிரூபிப்பது கஷ்டம். கதவைச் சரிசெய்யும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தச்சரின் பில்லையும் வையுங்கள்.

காப்பீட்டுப் பதிலுக்காகக் காத்திருந்து கதவை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரு முறை திருடு போன வீட்டுக்கு மறுபடி வரும் வாய்ப்பு, அடுத்த சில வாரங்களில்தான் மிக அதிகம் என்பதைக் குற்றவியல் ஆய்வுகள் பல நாடுகளில் கண்டிருக்கின்றன. வழி தெரிந்துவிட்டது, நீங்கள் புது டிவி வாங்குவீர்கள் என்பதும் தெரியும். சில நூறு மீட்டருக்குள் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் அந்த வாரங்களில் ஆபத்து கூடும். அதனால் அந்த ஆறு வீட்டுக்கும் அன்று மாலையே போய்ச் சொல்லுங்கள், வெட்கப்படாமல்.

எங்கள் வீட்டுக்குப் பத்தொன்பதாவது நாள் மறுபடி வந்தார்கள். அதே பக்கவாட்டுக் கதவு, அதே இடத்தில் நெம்பிய தடம். இந்த முறை தகடு அசையவில்லை. மரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம் மட்டும் விழுந்திருந்தது, காலையில்தான் பார்த்தோம். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் ஒன்றும் போகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, தேதி போட்டு, முயற்சி என்று தனிப் புகார் கொடுத்து, அதற்கும் ஓர் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.